பதமும் ரீடிங்கும்: லைப்ரரி ஃபங்ஷனை அளக்கும் இரண்டு வழிகள்

ஒரு நிரல், புதிதாகப் பெற்ற பெரிய நினைவகப் பரப்பை மெம்செட் என்ற லைப்ரரி ஃபங்ஷனால் நிரப்புகிறது. அது சிபியுவின் எத்தனை சைக்கிளைத் தின்கிறது என்று லினக்ஸில் இரண்டு பேர் அளக்கிறார்கள். ஒருவர் சூடோ போட்டு பெர்ஃப் ஓட்டுகிறார். மெம்செட்டும் அதற்குக் கீழே நடப்பவையும் சேர்ந்து பட்டியலின் உச்சியில் நிற்கின்றன. மற்றவர் யுஎஃப்டிரேஸ் ஓட்டுகிறார். மெம்செட்டுக்குள் போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை கவுன்ட்டரைப் படித்துக் கழித்துப் பார்த்தால், சைக்கிள் சொற்பமாகத்தான் வருகிறது. நிரலும் கணினியும் ஒன்றே. யாருடைய கருவி பழுது?

பதிலுக்குப் போகும் முன் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். வன்பொருள் கவுன்ட்டர் தரும் எண்ணில் சந்தேகம் வந்தால் பழுதை எங்கே தேடுவது என்பது, அந்த எண் எந்த முறையில் கிடைத்தது என்பதைப் பொறுத்தது.

முதலாவது மாதிரிமுறை. இது சோற்றுக்குப் பதம் பார்ப்பது போல. கவுன்ட்டருக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு நிரலை ஓடவிடுகிறோம். வரம்பு நிரம்பி வழிந்ததும் சிபியு ஒரு குறுக்கீட்டை எழுப்புகிறது. அந்தக் கணத்தில் நிரல் எந்த முகவரியில் இருந்தது என்று கெர்னல் குறித்துக்கொள்கிறது. இப்படி ஆயிரக்கணக்கில் குறிப்பு சேர்ந்தபின், எந்த ஃபங்ஷனில் எத்தனை விழுந்தன என்று எண்ணிப் பங்கு போடுகிறோம். பெர்ஃப் ரெக்கார்டு செய்வது இதைத்தான்.

இரண்டாவது எல்லைமுறை. வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர் முதல் நாளே கரண்ட் மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைப்பார். காலி செய்யும் நாளில் மறுபடி பார்த்து, வித்தியாசத்துக்கு மட்டும் காசு கொடுப்பார். ஃபங்ஷனின் வாசலில் இப்படி இருமுறை கவுன்ட்டரைப் படிப்பதே எல்லைமுறை. யுஎஃப்டிரேஸில் ஒரு ஃபங்ஷனுக்குத் தூண்டல் வைத்து சைக்கிள், கேஷ், பிராஞ்ச் ஆகிய கவுன்ட்டர்களைப் படிக்கச் சொல்வது இந்த வகை.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

இரண்டும் எதிரெதிர் முறைகளாகத் தோன்றினாலும் ஒரே கருவியிலிருந்து கிளைத்தவை. 1982இல் பெர்க்லியில் சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்குசிக் ஆகியோர் ஜிப்ராஃப் கருவியை வெளியிட்டனர். அதில் இரண்டு வேலையும் இருந்தன. கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் எம்கவுன்ட் என்ற அழைப்பைச் செருகும். யார் யாரை எத்தனை முறை அழைத்தார்கள் என்று அது எண்ணும். இன்னொரு பக்கம், கடிகாரக் குறுக்கீட்டில் முகவரிகள் மாதிரியாகச் சேரும். கடைசியில் இரண்டையும் பெருக்கிக் கலந்து விடை சொல்லும். ஒரு ஃபங்ஷனின் எல்லா அழைப்புகளும் சராசரியாக ஒரே செலவுதான் என்ற அனுமானத்தின்மேல் அந்தக் கலவை நின்றது. ஒருவர் நான்கு பைட்டும் இன்னொருவர் நான்கு மெகாபைட்டும் நகலெடுக்க ஒரே ஃபங்ஷனை அழைத்தால் அந்த அனுமானம் கவிழ்ந்துவிடும்.

பின்னாளில் பாகப்பிரிவினை நடந்தது. மாதிரியெடுக்கும் பாதி பெர்ஃபுக்கு வந்தது. 2009இல் லினக்ஸ் 2.6.31 கெர்னலோடு, இங்கோ மோல்னார், தாமஸ் கிளெய்க்ஸ்னர் ஆகியோர் தொடங்கிய கவுன்ட்டர் ஏற்பாடும் அதற்கென ஒரு சிஸ்டம் கால் வழியும் வந்தன. வாசலில் நிற்கும் பாதி யுஎஃப்டிரேஸுக்குப் போனது. எம்கவுன்ட் செருகலை அது இன்றும் பயன்படுத்துகிறது. அதை எழுதிய நம்யுங் கிம், பெர்ஃப் கருவியைப் பராமரிப்பவர்களிலும் ஒருவர். பிரிந்த பங்காளிகளுக்கு இப்படி ஒரு பொது உறவினர் உண்டு.

பொதுக் கிணறு வற்றினால்

இரு முறைகளும் நீர் இறைப்பது ஒரே கிணற்றில். சிபியுவின் கவுன்ட்டர்களும், அவற்றைத் திறந்துவிடும் அந்த ஒரே சிஸ்டம் காலும்தான் அந்தக் கிணறு. அதனால் எண் வரவில்லை என்றாலோ சுழியமாக வந்தாலோ முதலில் பார்க்க வேண்டியது இங்கேதான். லைப்ரரி ஃபங்ஷனையே மறந்துவிட்டு, ஒன்றும் செய்யாத ஒரு நிரலை பெர்ஃப் ஸ்டாட் வழியாக ஓட்டி, சைக்கிளும் கட்டளை எண்ணிக்கையும் வருகிறதா என்று பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். அங்கேயும் வராவிட்டால், அந்த சிஸ்டம் கால் என்ன பிழையோடு திரும்புகிறது என்று ஸ்ட்ரேஸ் வைத்துப் பார்க்கலாம்.

ஈஅக்ஸஸ் என்று வந்தால் அனுமதிச் சிக்கல். பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்டு என்ற கெர்னல் அமைப்பு அதைத் தீர்மானிக்கிறது. அதன் மதிப்பு 2 என்றால் சாதாரணப் பயனர் தன் நிரலின் பயனர் பக்கத்தை மட்டுமே எண்ணலாம். கெர்னல் பக்கத்தை எண்ண முடியாது. லினக்ஸ் 4.6 முதல் இதுதான் இயல்பு மதிப்பு. டெபியனும் உபுண்டுவும் இதைவிட இறுக்கமான மதிப்பை வைத்து அனுப்புகின்றன. முழு ரூட் அதிகாரம் தராமல் இதற்கென்று மட்டும் அனுமதி தர, 5.8 கெர்னலில் கேப் பெர்ஃப்மான் என்ற தனி உரிமை வந்தது. டாக்கருக்குள் ஈபெர்ம் வந்தால் காரணம் பெரும்பாலும் வேறு: அதன் இயல்பான செக்காம்ப் வடிகட்டி இந்த சிஸ்டம் காலை வாசலிலேயே மறித்துவிடுகிறது. ஈனோஎன்ட் என்றால் அப்படியொரு நிகழ்வே இந்த வன்பொருளில் இல்லை என்று பொருள். மெய்நிகர் கணினிகளில் இது சகஜம். அவற்றை ஓட்டும் மென்பொருள் கவுன்ட்டரை உள்ளே காட்டினால்தான் உண்டு.

இந்த இடத்திலேயே இரு முறைகளின் குணமும் பிரியத் தொடங்குகிறது. வன்பொருள் சைக்கிள் கவுன்ட்டர் கிடைக்காத மெய்நிகர் கணினியில் பெர்ஃப் ரெக்கார்டு வாய்மூடி நிற்பதில்லை. சிபியு கிளாக் என்ற மென்பொருள் கடிகாரத்துக்குத் தானே இறங்கிவந்து வேலையை முடித்துத் தருகிறது. அறிக்கை அழகாக இருக்கும்; தலைப்பில் நிகழ்வின் பெயரைப் படித்தால்தான் வன்பொருள் எண்ணே இல்லை என்று தெரியும். சில சிப்புகளில் கவுன்ட்டர் எண்ணும், வழியும்போது குறுக்கீடு மட்டும் எழுப்பாது. அங்கே மாதிரிமுறை அடியோடு படுத்துவிடும்; ரீடிங் எடுக்கும் எல்லைமுறை தடையில்லாமல் ஓடும். ஒன்று ஓடுகிறது, மற்றது ஓடவில்லை என்றால், பழுது கவுன்ட்டரில் இல்லை, குறுக்கீட்டில் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு உடனே புரிந்துவிடும்.

சின்ன ஃபங்ஷன், பெரிய தராசு

அடுத்த வேறுபாடு செலவில். மாதிரிமுறையின் செலவு நொடிக்கு எத்தனை மாதிரி என்பதைப் பொறுத்தது. எல்லைமுறையின் செலவு ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு வரியிலிருந்தே மற்ற பல சிக்கல்களை ஊகித்துவிடலாம்.

பெர்ஃபின் இயல்பு வேகம் நொடிக்கு 4,000 மாதிரி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே ஏழரை லட்சம் சைக்கிள் ஓடிவிடும். மாலக்கின் விரைவுப் பாதை சில பத்து நானோநொடிகளில் முடிந்துவிடும். ஓர் இடைவெளியில் அது ஆயிரக்கணக்கான முறை வந்துபோகலாம். ஆனாலும் பங்கு சரியாகத்தான் வரும், மாதிரி போதுமான அளவு சேர்ந்தால். 10 நொடி ஓட்டத்தில் 40,000 மாதிரி. ஒரு ஃபங்ஷனின் பங்கு 1 சதவீதம் என்றால் அதற்கு 400 மாதிரி விழும். புள்ளியியல் தடுமாற்றம் சுமார் 20, அதாவது 5 சதவீதம். பங்கு 0.01 சதவீதம் என்றால் விழுவது நாலே மாதிரி, தடுமாற்றம் இரண்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நேற்றைவிட இன்று வேகம் கூடிவிட்டது என்று சொல்வது வெறும் பேச்சு.

எல்லைமுறையில் சிக்கல் தலைகீழாக நிற்கிறது. கவுன்ட்டரைப் படிக்க ரீட் சிஸ்டம் காலை அழைத்தால் அதற்கே சில நூறு நானோநொடி பிடிக்கும். மாலக்கின் இருபுறமும் அதை வைத்தால், குன்றிமணியை நிறுக்க லாரி எடைமேடையில் ஏற்றிய கதைதான். கெர்னல் பக்கச் செலவை எண்ணாமல் விலக்கினாலும், போய்வந்ததன் பயனர் பக்க மிச்சமும், கேஷில் அது கலைத்துப்போட்டதும் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றும் செய்யாத ஒரு ஃபங்ஷனை அதே முறையில் அளந்து, அந்த அடிப்படைச் செலவைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. அளந்த எண் அதைப்போலச் சில மடங்குகூட இல்லையென்றால் அந்த ஃபங்ஷனுக்கு இந்த முறை பொருந்தாது. எக்ஸ்86இல் ஆர்டிபிஎம்சி என்ற கட்டளையால் கெர்னலுக்குப் போகாமலே கவுன்ட்டரைப் படிக்கலாம். செலவு வெகுவாகக் குறையும். ஆனால் சிபியு கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டுவதால், தடுப்புக் கட்டளை வைக்காவிட்டால் ரீடிங் எடுக்கும் கணம் முன்பின் நகர்ந்துவிடும்.

மாதிரிமுறைக்கும் இப்படியொரு நகர்வு உண்டு. குறுக்கீடு எழுந்து கெர்னல் குறித்துக்கொள்வதற்குள் நிரல் சற்றுத் தள்ளிப் போயிருக்கும். குட்டி ஃபங்ஷனாக இருந்தால் அதைத் தாண்டியே போயிருக்கலாம். பழி அடுத்த ஃபங்ஷன்மேல் விழும். இன்டெலின் பெப்ஸ், ஏஎம்டியின் ஐபிஎஸ் வசதிகள் இந்த வழுக்கலைப் பெரிதும் குறைக்கின்றன. மெய்நிகர் கணினிக்குள் இவையும் பெரும்பாலும் எட்டாக்கனிதான்.

பெயரைத் தேடி

கவுன்ட்டர் சரியாக இருந்தும் தேடும் ஃபங்ஷனே அறிக்கையில் இல்லாமல் போவது உண்டு. இதில் இரு முறைகளும் வெவ்வேறு விதமாக ஏமாற்றுகின்றன.

மெம்காப்பியை பெர்ஃப் அறிக்கையில் தேடுகிறவர் கண்டுபிடிக்க மாட்டார். ஜிலிப்சி, சிபியுவின் திறனைப் பார்த்து ஓட்ட நேரத்தில் பொருத்தமான வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அதனால் மாதிரிகள் மெம்மூவ், ஏவிஎக்ஸ், அன்அலைன்ட் என்று ஒட்டுகள் நீண்ட உள்பெயரில் விழுகின்றன. எல்லைமுறையில் மெம்காப்பி என்ற பெயரே வரும், ஏனென்றால் அது நிற்பது அழைக்கிறவரின் வாசலில். மற்றொரு பக்கம், சின்னங்கள் உரிக்கப்பட்ட லைப்ரரியில் உள்ஃபங்ஷன்களின் பெயர் பெர்ஃபுக்குத் தெரியாது. வெறும் முகவரியாகவோ அன்னோன் என்றோ காட்டும். பிழைநீக்கத் தகவல் பொதியை நிறுவினால் தீரும் சிக்கல் இது.

எல்லைமுறையின் குருட்டுப்பகுதி வேறு. இயங்குநிலையில் இணைக்கப்பட்ட நிரல், லைப்ரரி ஃபங்ஷனை வழக்கமாக பிஎல்டி என்ற இடைப்பலகை வழியாக அழைக்கும். அந்தப் பலகையில்தான் கொக்கி மாட்டப்படுகிறது. 1997இலிருந்தே புழங்கும் எல்டிரேஸும் அங்கேதான் காவல் நிற்கிறது. நிரல் அந்த வழியே போகாவிட்டால் கொக்கியில் ஒன்றும் மாட்டாது. நிலையாக இணைக்கப்பட்ட நிரல், பிஎல்டி வேண்டாம் என்று சொல்லித் தொகுத்த நிரல், டிஎல்சிம் மூலம் முகவரி வாங்கி நேரடியாக அழைக்கும் பிளக்இன் ஆகிய மூன்றும் இந்த வகை. லிப்சிக்குள்ளேயே ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிட்டுக்கொள்பவையும் தெரியாது. யுப்ரோப் வைத்தால் எந்த முகவரியிலும் நிற்கலாம். ஆனால் ஒவ்வொரு அழைப்பும் கெர்னலுக்குள் விழுந்து எழும் என்பதால் மேலே சொன்ன எடைமேடைச் சிக்கல் இன்னும் முற்றும்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஏமாற்று கம்பைலருடையது. முடிவில் புதுவரி உள்ள எளிய பிரின்ட்எஃப்பை ஜிசிசி புட்ஸாக மாற்றிவிடும். மாலக் அழைத்து உடனே மெம்செட்டால் சுழியமாக்கினால் இரண்டையும் சேர்த்து காலக் என்ற ஒற்றை அழைப்பாக்கிவிடக்கூடும். அளவு தெரிந்த சின்ன நகலெடுப்பு, அழைப்பே இல்லாமல் இரண்டொரு கட்டளையாகக் கரைந்துபோகும். இல்லாத ஃபங்ஷனை எந்தக் கருவியும் அளக்காது.

யார் அழைத்தார்கள் என்ற கேள்வியில் எல்லைமுறை பலமானது. அழைப்புச் சங்கிலி அதன் பதிவிலேயே இருக்கிறது. பெர்ஃப் அதை ஒவ்வொரு மாதிரியிலும் அடுக்கைப் பின்னோக்கி நடந்து கண்டுபிடிக்க வேண்டும். ஃபிரேம் பாயின்ட்டரை விட்டுவிட்டுத் தொகுத்த லைப்ரரியில் அந்த நடை பாதியில் அறுந்துவிடும். டுவார்ஃப் முறைக்கு மாறினால் சங்கிலி கிடைக்கும், ஆனால் மாதிரி ஒன்றுக்கு 8 கிலோபைட் அடுக்கு நகலாகும். நொடிக்கு 4,000 என்றால் ஒரு மையத்துக்கே சுமார் 32 மெகாபைட். இந்தத் தொல்லைக்காகவே 2023இல் ஃபெடோரா 38உம் 2024இல் உபுண்டு 24.04உம் ஃபிரேம் பாயின்ட்டரோடு பொதிகளைத் தொகுக்கத் தொடங்கின.

முறைவைத்துப் பாயும் தண்ணீர்

கவுன்ட்டர்கள் எண்ணிக்கையில் குறைவு. இன்டெலின் பல தலைமுறைகளில், ஹைப்பர்த்ரெடிங் இயங்கும்போது ஒரு த்ரெடுக்கு நிலையான கவுன்ட்டர் மூன்றும் பொதுவானவை நான்கும்தான். கேட்கும் நிகழ்வுகள் இதைவிட அதிகமானால் கெர்னல் வாய்க்கால் தண்ணீரைப் போல முறைவைத்துப் பங்கிடும். கெர்னலின் என்எம்ஐ வாட்ச்டாக் வேறு ஒன்றைப் பிடித்துவைத்திருக்கும். பெர்ஃப் ஸ்டாட், எவ்வளவு நேரம் உண்மையில் எண்ணியது என்று சதவீதம் காட்டி, மீதியை விகிதப்படி ஊகித்து நிரப்புகிறது. நீண்ட ஓட்டத்தில் இந்த ஊகம் பெரும்பாலும் சமாளிக்கும்.

எல்லைமுறையில் சமாளிக்காது. முறை மாறுவது மில்லிநொடிக் கணக்கில். ஃபங்ஷன் ஓடுவது மைக்ரோநொடிக் கணக்கில். நம் முறை வராத வேளையில் ஃபங்ஷன் முழுதும் வந்துபோய்விட்டால் வித்தியாசம் அப்பட்டமாகச் சுழியம். ரீடிங்கோடு திறந்திருந்த நேரத்தையும் ஓடிய நேரத்தையும் சேர்த்து வாங்கினால் இது பிடிபடும். கவுன்ட்டர்களின் எண்ணிக்கைக்குள் கேள்வியை நிறுத்திக்கொள்வது அதைவிட நல்ல வழி.

2021இல் வந்த ஆல்டர் லேக் சிப்புகளில் இன்னொரு வகைச் சுழியம். அங்கே பெரிய மையங்களுக்கும் சிறிய மையங்களுக்கும் கவுன்ட்டர் ஏற்பாடு தனித்தனி. பெரிய மையத்தில் திறந்த கவுன்ட்டர், நிரல் சிறிய மையத்துக்கு இடம் மாறியதும் நின்றுவிடும். இன்றைய பெர்ஃப் இரண்டு வகையிலும் திறந்து தனித்தனியாகக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் திறந்த எல்லைமுறைக் கருவிக்கு அந்த அழைப்புகளெல்லாம் செலவே இல்லாதவையாகத் தெரியும். டாஸ்க்செட் போட்டு நிரலை ஒரே வகை மையத்தில் கட்டிவைத்து மறுபடி ஓட்டினால் காரணம் தெளிவாகும்.

மெம்செட்டுக்குத் திரும்பினால்

தொடக்கத்தில் வந்த இருவரில் யாருடைய கருவியும் பழுதில்லை. புதிதாகப் பெற்ற நினைவகத்துக்குப் பின்னால் உண்மையான பக்கம் எதுவும் ஆரம்பத்தில் இருப்பதில்லை. மெம்செட் ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முறை தொடும்போது பேஜ் ஃபால்ட் எழுகிறது. கெர்னல் ஒரு பக்கத்தைத் தேடி, சுத்தம் செய்து, ஒப்படைக்கிறது. சூடோ போட்டவருக்கு அந்தக் கெர்னல் உழைப்பும் மெம்செட்டின் கீழே சேர்ந்து விழுந்தது. மற்றவரின் கவுன்ட்டர் பயனர் பக்கத்தை மட்டும் எண்ணும்படி திறக்கப்பட்டது; எழுதிய கூலி மட்டும் வந்தது, இடம் வாங்கிய கூலி வரவில்லை.

துப்பு இரண்டாமவரின் பதிவிலேயே இருந்தது. யுஎஃப்டிரேஸ் கவுன்ட்டரோடு கடிகார நேரத்தையும் தருகிறது. நேரம் நீளம், சைக்கிள் சொற்பம் என்றால் அந்த ஃபங்ஷன் மற்ற நேரத்தைக் கெர்னலில் கழித்திருக்கிறது, அல்லது பூட்டுக்கோ வட்டுக்கோ காத்துத் தூங்கியிருக்கிறது. இதில் எது என்பதை பெர்ஃபின் மாதிரி சொல்லிவிடும்: கெர்னலில் உழைத்திருந்தால் மாதிரி விழுந்திருக்கும், தூங்கியிருந்தால் சைக்கிள் மாதிரி ஒன்றும் விழுந்திராது. இருவரும் தங்கள் எண்களை ஒளிக்காமல் மேசைமேல் வைத்திருந்தால் பேஜ் ஃபால்ட்டைப் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள்.

எதை எப்போது எடுப்பது? ஓயாமல் அழைக்கப்படும் குட்டி ஃபங்ஷன்களுக்கு, மாலக், ஸ்டர்லென், மெம்காப்பி போன்றவற்றுக்கு, மாதிரிமுறை. அழைப்பு குறைவாகவும் ஒவ்வொன்றும் கனமாகவும் இருக்கும் சுருக்கல், வரிசையாக்கம், கோப்பு எழுத்து போன்றவற்றுக்கு எல்லைமுறை. ஆயிரத்தில் ஒரு அழைப்பு மட்டும் ஏன் இழுக்கிறது என்று அதுதான் சொல்லும். கியூசார்ட் போன்றவற்றை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதன் ஒப்பீட்டு ஃபங்ஷன் நம் நிரலில் இருக்கிறது. எல்லைமுறை அதையும் கியூசார்ட்டின் தலையில் கட்டும், மாதிரிமுறை தனியாகப் பிரித்துக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நம் ஒப்பீட்டு ஃபங்ஷனின் விலை.

ஜிப்ராஃப் இரண்டு பாதிகளையும் தானே பெருக்கி ஒரே எண்ணாகத் தந்ததால், அவை எங்கே முரண்பட்டன என்பது பயனருக்குத் தெரியாமலே போனது. இன்று அவை தனித்தனிக் கோப்பில் வருகின்றன. பெருக்குவதற்கு முன் இரண்டின் தலைப்பையும் ஒருமுறை படித்து, எந்த நிகழ்வு, எந்தப் பக்கம், எந்த மையம் என்று குறித்துக்கொள்ளும் வேலை இப்போது நம்முடையது.